கற்பனைக்கு நீளம் தந்தவர்

கற்பனை என்னும் சொல் கவிஞர்களுக்கு மட்டுமே உரியதன்று. கணிதத்திலும் அச்சொல்லுக்கு நெடுநாளாக ஓர் இருக்கை உண்டு. தன்னைத் தானே பெருக்கிக்கொண்டால் கழித்தல் ஒன்று ஆகிவிடும் எண் மெய்யெண்களிடையே எங்கும் இல்லை. இல்லாத அதனை இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டவர்கள் அதற்குக் கற்பனை எண் எனப் பெயரிட்டனர். மெய்யும் கற்பனையும் கூடிப் பிறந்தவை கலப்பெண்கள். அணி என்ற சொல்லும் கணிதர்களிடம் வேறு பொருளில் வழங்குகிறது. உவமையும் உருவகமும் நமக்கு அணி, எண்களை நிரையாகவும் நிரலாகவும் நிறுத்திய அமைப்பு அவர்களுக்கு அணி. இந்தக் கற்பனையையும் அந்த அணியையும் ஓரிடத்தில் சந்திக்கவைத்து, மெய்யல்லாததற்கும் மெய்யான அளவு உண்டு என்று காட்டிய வழியில் முதன்மையானவர் ஒரு பிரெஞ்சுக்காரர். கல்லூரிக் கணிதம் பயின்றோர் ஹெர்மிஷியன் அணி என்று படித்திருப்பர். அப்பெயருக்கு உரிய சார்ல் ஹெர்மிட்டின் வாழ்க்கையே இங்குச் சொல்லப்படுவது.

ஹெர்மிட் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் தியூஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். உப்பளங்களால் பெயர்பெற்ற ஊர் அது. ஏழு பிள்ளைகளுள் அவர் ஆறாமவர். குடும்பம் துணி வணிகம் செய்தது. வணிகம் வளர்ந்ததும் நான்சி நகருக்குக் குடிபெயர்ந்தது. பிறவியிலேயே அவருடைய வலக்காலில் குறை இருந்தது. வாழ்நாள் முழுவதும் கைத்தடியின் துணையோடுதான் நடந்தார்.

பாரிசில் லூயி-லெ-கிராண்ட் பள்ளியில் அவருக்குக் கணிதம் கற்பித்தவர் ரிஷார் என்னும் ஆசிரியர். அதே பள்ளியில், அதே ஆசிரியரிடம், ஏறத்தாழ ஒரு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பயின்றவர் எவரிஸ்ட் கால்வா. நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்று, இருபது வயதில் துப்பாக்கிச் சண்டையில் மாண்டு, பின்னர் இயற்கணிதத்தின் போக்கையே மாற்றியவராக அறியப்பட்ட அதே கால்வாதான். கால்வாவின் பள்ளித் தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ரிஷார், பிற்காலத்தில் அவற்றை ஹெர்மிட்டின் கையில் ஒப்படைத்தார். தேர்வில் தோற்ற ஒருவரின் ஏடுகள், தேர்வுகளோடு மல்லாட வேண்டியிருந்த இன்னொருவரிடம் வந்து சேர்ந்தன.

ஹெர்மிட் பாடத்திட்டத்துக்குள் அடங்காதவர். தேர்வுக்கு உரியதைப் படிக்க வேண்டிய நேரத்தில் லாகிராஞ்சையும் காஸையும் படித்துக்கொண்டிருந்தார். 1842இல், மாணவராக இருந்தபோதே, ஐந்தாம்படிச் சமன்பாட்டை இயற்கணித முறையால் தீர்க்க இயலாமை பற்றி எழுதிய கட்டுரை அச்சேறியது. அதே ஆண்டில் எகோல் பொலிடெக்னிக் என்னும் புகழ்பெற்ற உயர்கல்விக்கூடத்தின் நுழைவுத் தேர்வை எழுதினார். அவருக்குக் கிடைத்த இடம் அறுபத்தெட்டாவது.

இடம் கிடைத்ததேனும் நிலைக்கவில்லை. படை ஒழுங்கில் நடந்த கல்விக்கூடம் அது. ஓராண்டு சென்றதும், அவருடைய காலின் குறையைக் காரணம் காட்டி, படிப்பைத் தொடர அனுமதியில்லை என்றார்கள். செல்வாக்குள்ளோர் சிலர் தலையிட்டதனால் முடிவு திருத்தப்பட்டது. ஆனால் கடுமையான நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. அவற்றை ஏற்க மனமில்லாமல் ஹெர்மிட் பட்டம் பெறாமலேயே வெளியேறினார்.

ஆனால் அதே 1843ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வேறொன்றும் செய்திருந்தார். இருபது வயதைத் தாண்டியிராத அந்த மாணவர், ஜெர்மன் நாட்டுப் பேரறிஞர் யாக்கோபிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீள்வட்டச் சார்புகளைப் பற்றி யாக்கோபியும் ஆபெலும் கண்டவற்றை மேலும் பொதுவான ஒரு களத்துக்கு எடுத்துச் சென்ற கடிதம் அது. யாக்கோபி அதனை மதித்து மறுமொழி எழுதினார். கல்விக்கூடம் காலை அளந்துகொண்டிருந்த காலத்தில், எல்லைக்கு அப்பால் இருந்த ஒருவர் சிந்தனையை அளந்து விடை சொன்னார். ஒரு மனிதரைப் பற்றி இரண்டு அளவைகள். இரண்டும் ஒரே ஆண்டில்.

ஐந்தாண்டுகள் வரை அவர் தம் பெயருக்குப் பின் பட்டமில்லாமலே ஆராய்ச்சி செய்தார். அதன்பின், 1847இல், பட்டத் தேர்வுகளை எழுதித் தேறினார். 1848இல், தம்மை வெளியே அனுப்பிய அதே எகோல் பொலிடெக்னிக்கில், துணைப்பயிற்றுநராகவும் நுழைவுத் தேர்வாளராகவும் அமர்த்தப்பட்டார். அறுபத்தெட்டாம் இடத்தில் நுழைந்தவர் நுழைவோரை மதிப்பிடும் நாற்காலியில் அமர்ந்தார். கணிதவியலார் ஜோசப் பெர்த்ராவின் உடன்பிறந்தாள் லூயிசை மணந்துகொண்டார்.

அவருடைய பெயரை இன்றும் வகுப்பறைதோறும் ஒலிக்கச் செய்யும் கருத்து 1850களில் உருவாயிற்று. அதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்.

கிழக்கே 3 அடியும் பிறகு வடக்கே 4 அடியும் ஒருவன் நடந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து அவன் எவ்வளவு தொலைவில் நிற்கிறான்? மூன்றின் வர்க்கம் 9, நான்கின் வர்க்கம் 16, கூட்டினால் 25, அதன் வர்க்கமூலம் 5. ஐந்தடி. திசையும் அளவும் கூடிய இத்தகைய நகர்வை வெக்டர் என்பர். ஐந்தடி என்பது அதன் நீளம். கூறுகள் இரண்டல்ல, இருபதாயினும் இதே முறைதான்: ஒவ்வொரு கூறையும் அதனாலேயே பெருக்கிக் கூட்ட வேண்டும்.

வெக்டரின் கூறுகள் கலப்பெண்கள் ஆகும்போது இந்த முறை உடைகிறது. கற்பனை அலகை 'க' என்னும் எழுத்தால் குறிப்போம். க-வைக் க-வால் பெருக்கினால் கழித்தல் 1. இப்போது முதற்கூறு 1, இரண்டாம் கூறு க என்ற வெக்டரை எடுத்துக்கொள்வோம். பழைய முறைப்படி, ஒன்றின் வர்க்கம் 1, க-வின் வர்க்கம் கழித்தல் 1, கூட்டினால் பூச்சியம். இரண்டு கூறுகளும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அளவுகோல் அங்கே ஒன்றுமே இல்லை என்கிறது. நடந்தவனைப் பார்த்து நீ நகரவேயில்லை என்பது போன்றது இது. குற்றம் வெக்டரிடம் இல்லை, அளவுகோலில் இருக்கிறது.

இதற்குத் தீர்வு, எண்ணை அதனாலேயே பெருக்காமல் அதன் நிழலால் பெருக்குவது. ஒவ்வொரு கலப்பெண்ணுக்கும் இணைக் கலப்பெண் என ஒன்று உண்டு. மெய்ப்பகுதி அப்படியே நிற்க, கற்பனைப் பகுதியின் குறி மட்டும் மாறினால் கிடைப்பது அது. 3 + 4க என்பதன் இணை 3 − 4க; நீரில் தெரியும் கரையோரத் தென்னையைப் போல, மேலிருப்பது கீழாகத் தெரியும் பிம்பம். 3 + 4க என்ற எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் −7 + 24க என்று வரும். நீளமாகக் கொள்ள அது உதவாது. இணையால் பெருக்கினால் 25 வரும். கற்பனை முழுவதும் கரைந்து, மிகையான மெய்யெண் ஒன்று கையில் நிற்கிறது.

இனி, கலப்பெண் வெக்டர்கள் இரண்டு இருப்பின், ஒன்றன் கூறுகளை மற்றதன் கூறுகளின் இணைகளால் முறையே பெருக்கிக் கூட்டுவதே அவற்றின் உட்பெருக்கம். ஒரு வெக்டரைத் தன்னோடு இவ்வாறு உட்பெருக்கி வர்க்கமூலம் கண்டால் அதன் நீளம் கிடைக்கும். முன்பு பூச்சியமாகத் தோன்றிய வெக்டரை இப்போது அளப்போம்: ஒன்றை ஒன்றால் பெருக்க 1, க-வை அதன் இணையாகிய −க-வால் பெருக்க 1, கூட்டினால் 2. நீளம் இரண்டின் வர்க்கமூலம். 3 + 4க, 12 என்னும் கூறுகளையுடைய வெக்டருக்கு 25உம் 144உம் சேர்ந்து 169, நீளம் 13. இம்முறையில் எந்த வெக்டருக்கும் குறைநீளம் வாராது. எல்லாக் கூறுகளும் பூச்சியமாக இருந்தாலன்றி நீளமும் பூச்சியமாகாது. உள்ள பொருளை இல்லையென்று சொல்லாத அளவுகோல் இது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முதல் வெக்டரை இரண்டாவதோடு பெருக்கினால் வருவதும், இரண்டாவதை முதலோடு பெருக்கினால் வருவதும் பொதுவாக ஒன்றல்ல. ஒன்று மற்றதன் இணை. நான் உன்னைப் பார்ப்பதும் நீ என்னைப் பார்ப்பதும் ஒரே காட்சியல்ல, ஆனால் ஒன்றிலிருந்து மற்றதை ஐயமின்றி எழுதிவிடலாம்.

ஹெர்மிட் இதனை வெக்டர், நீளம் என்ற சொற்களால் பேசவில்லை. அச்சொற்கள் இப்பொருளில் பிற்காலத்தன. எண்களின் கோட்பாட்டை ஆராய்கையில் அவர் இருபடி வடிவங்களைக் கையாண்டார். ஒரு மாறியோடு அதன் இணையைச் சேர்த்துப் பெருக்கும் புதுவகை வடிவங்களை அங்கே அமைத்தார். 1855இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மெய்யெண்களால் ஆன சமச்சீர் அணிகளைப் பற்றிக் கோஷி என்னும் மூத்த அறிஞர் 1829இல் நிறுவியிருந்த ஒரு தேற்றத்தின் மீதான குறிப்பு என்றே அதற்குத் தலைப்பிட்டார். தலைப்பு பணிவானது, உள்ளிருந்த செய்தி பெரிது.

அணி ஒன்று வெக்டர்களின் மேல் செயற்பட்டு அவற்றைத் திருப்பும், நீட்டும், சுருக்கும். சில வெக்டர்களை மட்டும் அது திசை மாற்றாமல் ஓர் எண்ணால் பெருக்கிவிடும். அந்த எண்ணுக்கு ஐகன் மதிப்பு என்று பெயர். கலப்பெண்களால் ஆன அணியில் அம்மதிப்பும் கலப்பெண்ணாகவே வருவது இயல்பு. ஆனால் அணியின் மூலைவிட்டத்தில் மெய்யெண்களே நின்று, அதற்கு இருபுறமும் எதிரெதிரே நிற்கும் எண்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், ஐகன் மதிப்புகள் அனைத்தும் மெய்யெண்களே என்று ஹெர்மிட் நிறுவினார். முதல் நிரையில் 2, க என்றும் இரண்டாம் நிரையில் −க, 2 என்றும் அமைந்த அணியைப் பாருங்கள். உள்ளே கற்பனை அமர்ந்திருக்கிறது. ஐகன் மதிப்புகளோ 1, 3.

காரணம் எளிது. இத்தகைய அணி உட்பெருக்கத்தின் எந்தப் பக்கத்தில் செயற்பட்டாலும் விடை ஒன்றே. ஒரு பக்கத்தில் செயற்பட்டால் ஐகன் மதிப்பும் நீளத்தின் வர்க்கமும் பெருகி வரும். மறுபக்கத்தில் செயற்பட்டால் ஐகன் மதிப்பின் இணையும் அதே நீளத்தின் வர்க்கமும் பெருகி வரும். நீளம் பூச்சியமன்று, ஆகவே அதனை இருபுறமும் நீக்கிவிடலாம். ஐகன் மதிப்பும் அதன் இணையும் ஒன்றாகின்றன. தன் பிம்பத்தோடு ஒன்றாக இருக்கும் எண் மெய்யெண்தான். நீளம் பூச்சியமன்று என்பதே இங்கு உயிர்நாடி. பழைய அளவுகோலைக் கையில் வைத்திருந்தால் இந்த நிறுவல் நின்றிருக்காது.

மறு ஆண்டு, 1856இல், ஹெர்மிட் அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் பெரியம்மை அவரைக் கடுமையாகத் தாக்கியது. நோயுற்றிருந்தவரின் அருகிருந்து தேற்றியவர், எவருடைய தேற்றத்தின் மேல் அவர் குறிப்பெழுதினாரோ அந்தக் கோஷிதான். கத்தோலிக்க நம்பிக்கையில் உறுதி மிக்க அம்முதியவரின் தாக்கத்தால் ஹெர்மிட்டும் அந்நம்பிக்கைக்குத் திரும்பி, இறுதிவரை அதிலேயே நிலைத்தார். அடுத்த ஆண்டில் கோஷி காலமானார்.

1858இல், மாணவப் பருவத்தில் தாம் தொட்ட ஐந்தாம்படிச் சமன்பாட்டை ஹெர்மிட் நீள்வட்டச் சார்புகளின் துணைகொண்டு தீர்த்தார். கூட்டல், பெருக்கல், மூலம் காணல் ஆகியவற்றால் மட்டும் அடைய முடியாத விடையை அடைய வேறு கதவு உண்டு என்று காட்டினார். 1873இல், 2.718 எனத் தொடங்கி முடிவின்றி நீளும் எண், முழுவெண் கெழுக்கள் கொண்ட எந்த இயற்கணிதச் சமன்பாட்டுக்கும் மூலமாகாது என்று நிறுவினார். இத்தகைய எண்களை விஞ்சிய எண்கள் என்பர். அடுத்துப் பை என்னும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று எவரும் எண்ணுவர். தாம் அதில் இறங்கப் போவதில்லை என்றும், பிறர் வென்றால் தம்மைவிட மகிழ்வோர் இரார் என்றும் அவர் நண்பர் ஒருவருக்கு எழுதினார். 1882இல் லிண்டமன் என்னும் ஜெர்மானியர், ஹெர்மிட் வகுத்த வழியையே விரித்துச் சென்று, பையும் விஞ்சிய எண் என நிறுவினார். வட்டத்துக்கு ஈடான பரப்புள்ள சதுரத்தைக் கவராயத்தாலும் அளவுகோலாலும் வரைய முடியாது என்ற முடிவு, ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வினாவுக்கு விடையாயிற்று. புகழ் லிண்டமனுக்குப் போயிற்று. ஹெர்மிட் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

இதற்கிடையே 1870-71இல் பிரான்சுக்கும் ஜெர்மன் அரசுகளுக்கும் போர் மூண்டது. பிரான்சு தோற்றது, லொரேனின் ஒரு பகுதி ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. அப்பகுதியில் தியூசும் இருந்தது. ஹெர்மிட்டின் பிறந்த ஊர் அயல்நாடாயிற்று. அது மீண்டும் பிரான்சோடு சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. போரின் காயம் ஆறாத 1873இல் சுவீடனிலிருந்து மித்தாக்-லெஃப்லர் என்னும் இளைஞர் அவரிடம் கற்கப் பாரிசுக்கு வந்தார். ஹெர்மிட் அவரிடம் சொன்னது, இங்கு வந்தது பிழை, பெர்லினுக்குப் போய் வையர்ஷ்ட்ராஸிடம் பயின்றிருக்க வேண்டும், நம் அனைவருக்கும் ஆசான் அவரே என்பதாம். ஊரை இழந்தவர், இழக்கச் செய்த நாட்டின் தலைநகருக்கு வழிகாட்டினார். பகையின் கோலால் அளந்திருந்தால் வையர்ஷ்ட்ராஸ் அவர் கண்ணுக்குப் பூச்சியமாகவே தெரிந்திருப்பார்.

1882இல் ஆலந்து நாட்டிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஸ்டீல்ட்யெஸ். டெல்ஃப்ட் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியின் தேர்வுகளில் தோற்று, லைடன் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். ஹெர்மிட்டுக்கு அப்போது அறுபதை எட்டும் வயது. கழக உறுப்பினர், சொர்போன் பேராசிரியர். பட்டமில்லாத அந்த இளைஞருக்கு அவர் சமனுக்குச் சமனாக மறுமொழி எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளில் இருவருக்குமிடையே 432 கடிதங்கள் போய்வந்தன. 1886இல் ஸ்டீல்ட்யெஸ் துலூஸ் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். 1894ஆம் ஆண்டின் கடைசி நாளில், முப்பத்தெட்டு வயதில், அவர் மறைந்தார், முதியவர் எஞ்சியிருந்தார். யாக்கோபியிடம் தாம் பெற்றதை ஹெர்மிட் இவரிடம் திருப்பிச் செலுத்தியிருந்தார்.

அவரிடம் பயின்றோருள் புவான்காரேயும் ஒருவர். ஹெர்மிட் பேசும்போது உருவக் காட்சி எதையும் எழுப்பமாட்டார், ஆயினும் மிக அருவமான பொருள்களும் அவருக்கு உயிருள்ள பிறவிகளாக இருந்தன என்பதைக் கேட்போர் உணர்வர் என்று அவர் பதிவு செய்துள்ளார். எண்களும் சார்புகளும் மனிதன் புனைந்தவை அல்ல, நமக்கு வெளியே தாமாக இருப்பவை. செடிகொடிகளை ஆய்வோனைப்போல நாம் அவற்றைக் காண்கிறோம் என்பது ஹெர்மிட்டின் உறுதி. இதே உறுதி அவருக்கு எல்லையாகவும் ஆயிற்று. எந்தப் புள்ளியிலும் தொடுகோடு இல்லாத தொடர்ச்சியான சார்புகளைச் சிலர் அமைத்துக் காட்டியபோது, அவற்றைக் கண்டு அருவருத்து முகம் திருப்பினார். கான்டரின் கணக் கோட்பாடும் அவர் மனத்தில் இடம்பெறவில்லை. கற்பனைக்குச் சரியான கோல் தந்தவரிடமும் தமக்குப் பிடிக்காதவற்றை அளக்கப் பழைய கோலே இருந்தது. அவர் ஒதுக்கியவை இன்று கணிதத்தின் நடுவீட்டில் இருக்கின்றன.

1897இல் அவர் சொர்போனிலிருந்து ஓய்வு பெற்றார். 1901ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பாரிசில் காலமானார். அவர் விதைத்தது அதன் பின்னரே முழுதாக விளைந்தது. 1908இல் எர்ஹார்ட் ஷ்மித், முடிவிலாக் கூறுகள் கொண்ட கலப்பெண் வெக்டர்களுக்கு நீளமும் செங்குத்தும் வகுத்து வடிவகணித மொழியில் பேசினார். 1925இல் கெட்டிங்கன் நகரில் ஹைசன்பர்க், போர்ன், ஜோர்டான் மூவரும் அணுவின் இயக்கத்தை அணிகளால் எழுதினர். ஆய்வுக்கூடத்தில் கருவி காட்டும் அளவு எப்போதும் மெய்யெண்; அதைத் தரும் கணிதத்துக்குள்ளேயோ கற்பனை நிறைந்திருந்தது. இரண்டையும் இசைத்தது ஹெர்மிட்டின் அணி. அளக்கத்தக்க ஒவ்வொன்றுக்கும் ஹெர்மிஷியன் அணி ஒன்று உண்டு. அதன் ஐகன் மதிப்புகளே கருவி காட்டும் எண்கள். அவர் மறைந்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், அவர் எண்ணியும் பாராத இடத்தில் அந்தச் சிறு குறிப்பு வேலை செய்தது.

புகழின் கணக்கு வேறுவகையானது. 2.718 எனத் தொடங்கும் எண்ணை, பையையும் 163இன் வர்க்கமூலத்தையும் பெருக்கிய அடுக்குக்கு உயர்த்தினால், 262537412640768744 என்னும் முழுவெண்ணுக்கு ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்கிலும் குறைவான வேறுபாட்டில் அது வந்து நிற்கும். இதனை 1859இல் கண்டவர் ஹெர்மிட். நம் இராமானுஜன் 1914இல் எழுதிய கட்டுரையில் இதே குலத்தைச் சேர்ந்த வேறு எண்கள் இடம்பெற்றன. 1975 ஏப்ரலில் மார்ட்டின் கார்ட்னர், அந்த எண் முழுவெண்ணே என்றும் இராமானுஜன் அதனை ஊகித்தார் என்றும் முட்டாள்கள் தின வேடிக்கையாக எழுதினார். அன்று முதல் அது இராமானுஜன் மாறிலி என்றே வழங்குகிறது. ஹெர்மிட் கண்டது இராமானுஜன் பெயரில் நிற்கிறது. ஹெர்மிட் வெக்டர் என்று சொல்லாமல் செய்தது வெக்டர் பாடத்தில் ஹெர்மிட் பெயரில் நிற்கிறது. கும்பகோணத்துக் கல்லூரியில் தேர்வில் தோற்றவரும், பாரிசில் அறுபத்தெட்டாம் இடம் பெற்றவரும் இவ்வாறு ஓர் எண்ணின் இருபுறமும் நிற்பது பொருத்தமே.

பத்தாண்டுகளாகக் கவிதைகளைப் படித்தும் கேட்டும் எடைபோட்டும் வரும் நமக்கு இவ்வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அளந்து பார்த்துப் பூச்சியம் என்று வந்தால், எழுதியவரை அனுப்பிவிடுமுன் கோலை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம்.